ஏலத்தொகை வேறு, வருமானம் வேறு

மகளிர் பிரீமியர் லீக் என்று பேச்செடுத்தால் உடனே வந்து விழும் எண் 4,669.99 கோடி ரூபாய். 2023 ஜனவரியில் ஐந்து அணிகளையும் விற்று இந்திய கிரிக்கெட் வாரியம் கல்லா கட்டிய தொகை. பெண்கள் கிரிக்கெட் இனி சொந்தக் காலில் நிற்கும் என்பதற்கு இதையே சாட்சியாகக் காட்டுகிறார்கள். வாங்கியவர்கள் பக்கம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் அப்படித் தோன்றவில்லை.

அகமதாபாத் அணிக்கு அதானி குழுமம் கொடுத்த விலை 1,289 கோடி. ஆகக் குறைவாகப் போன லக்னோவே 757 கோடி. பத்து ஆண்டுக்கு வகுத்தால் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 129 கோடி, மற்றதற்கு 76 கோடி. வரவு? ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமையை வயாகாம்18 எடுத்தது 951 கோடிக்கு. ஆண்டுக்கு 190 கோடி. வாரியம் சல்லிக்காசு எடுத்துக்கொள்ளாமல் மொத்தத்தையும் பங்கிட்டாலும் அணிக்கு 38 கோடிதான் தேறும். விளம்பரதாரர் பணத்தால் எளிதில் தூர்ந்துவிடும் பள்ளமல்ல இது.

முதல் வீராங்கனைகள் ஏலத்தில் ஸ்மிருதி மந்தனாவுக்கு 3.40 கோடியா என்று புருவம் உயர்த்தியவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். முதல் ஆண்டில் ஓர் அணி தன் வீராங்கனைகள் அனைவருக்கும் சேர்த்துச் செலவிட அனுமதிக்கப்பட்டதே 12 கோடி. பள்ளம் தோண்டியது சம்பளமல்ல.

டிக்கெட் வசூலையாவது வளர்த்திருக்கலாம். 2023-ல் 22 ஆட்டங்களும் மும்பை வட்டாரத்திலேயே நடந்தன, பெண்களுக்கு அனுமதி இலவசம். அடுத்த ஆண்டு பெங்களூரும் டெல்லியும் மட்டும். சொந்த ஊர் ஆட்டம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஆண்டு சின்னசாமி மைதானக் கூட்டம் காட்டியது. லக்னோ அணியோ தன் ஊரில் ஆட 2025 வரை காத்திருந்தது. ரசிகர் பார்க்கவே முடியாத அணிக்கு ஜெர்சி எப்படி விற்கும்?

ஆக, முதலாளிகள் எல்லோரும் 2027-க்குப் பிறகான ஒளிபரப்பு ஏலத்தை நம்பித்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வீழ்த்தி இந்தியா உலகக்கோப்பையை வென்றபின் அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருக்கிறது. இருந்தாலும் ஒரே ஏலத்தின் மேல் ஒரு லீக்கையே நிறுத்துவது எனக்குச் சூதாட்டமாகவே படுகிறது.

இன்னொரு பக்கம். அணிக்கு அதிகபட்சம் 18 பேர், அதில் ஆறு பேர் வெளிநாட்டவர் என்றால், இந்தப் பணம் எட்டுவது சுமார் 60 இந்தியப் பெண்களுக்கு. 2024 டிசம்பர் ஏலத்தில் நம் ஊர் கமலினி 16 வயதில் 1.60 கோடிக்குப் போனார். அவரோடு மாநில அணியில் ஆடும் மற்றவர்களுக்கு உள்ளூர்ப் போட்டி ஊதியம்தான் கதி. அது நாளொன்றுக்கு 20,000 ரூபாயிலிருந்து 50,000 ஆனதே 2025 டிசம்பரில்தான்.

சென்னைக்கும் ஓர் அணி வேண்டும் என்று நமக்கு ஆசைதான். ஆனால் அணிகளைக் கூட்டும் முன், இருக்கிற ஐந்துக்கும் ஆண்டுதோறும் சொந்த ஊரில் மூன்று ஆட்டமாவது வாரியம் ஒதுக்கட்டும்.