கரித்துண்டும் மனித உருவமும்

கரியும் வெண்கட்டியும் பயிற்சிக்கு மட்டுமே உரியவை, முற்றுப்பெற்ற ஓவியத்திற்கு வர்ணமே வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பாடசாலைச் சித்திரப் போட்டிகளிலே பரிசு பெறும் படங்களைப் பார்த்தாலே இது புலனாகும். இவ்வெண்ணம் தவறானது என்பதே என் துணிபு.

கூரிய பென்சில் உருவத்தை எல்லைக்கோட்டிலிருந்து தொடங்குகிறது. கரித்துண்டைக் கிடையாக வைத்துத் தேய்க்கும்போதோ முதுகும் தோளும் முதலிலேயே திரண்டு எழுகின்றன. அதன் தூள் தாளின் சொரசொரப்பிலே தளர்வாகத் தங்குவதால் விரலால் இழுக்கலாம், துணியால் துடைக்கலாம். துடைத்த பின்னரும் பழைய கோட்டின் சாயல் எஞ்சும். உழைத்துக் களைத்த உடலின் பாரத்தைக் காட்ட இதனினும் ஏற்ற சாதனம் எது?

ஜேர்மனிய ஓவியர் கெத்தே கொல்விற்ஸின் (1867–1945) கணவர் பேர்ளின் தொழிலாளர் பகுதியிலே மருத்துவராக இருந்தவர். அவரிடம் வந்த ஏழைப் பெண்களின் வாழ்வே கொல்விற்ஸின் கலைக்குப் பொருளாயிற்று. 1914 அக்டோபரில் அவருடைய இளைய மகன் பீற்றர் போர்முனையில் மாண்டான். 1924இல் வெளிவந்த ‘பாண்!’ என்னும் படம், நெய்ப்பசையுள்ள கறுப்புக்கட்டியால் வரைந்த கல்லச்சு. பசித்த குழந்தைகள் இருவர் பற்றி இழுக்க, தாய் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். முகம் தெரியவில்லை, குனிந்த தோள்களே பேசுகின்றன. 1933இல் நாஜிகள் அவரைப் பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்து விலகச் செய்ததில் வியப்பில்லை.

ஆனால் கறுப்பும் ஒரு போதையாகலாம். 2009க்குப் பின் நம் துயரத்தையும் அழகிய இருளாகப் பூசிய படங்கள் தோன்றின. அவற்றில் நிழல் உண்டு, மனிதரின் கை இல்லை. கொல்விற்ஸோ கையை ஒருபோதும் மறந்தவரல்லர்.

அண்மையில் இங்கு வன்னியிலே என் மாணவியொருத்தி, தன் அம்மம்மா வயலிற் குனிந்து களை பிடுங்குவதைச் சிமெந்துப் பைத் தாளில் வரைந்து வந்தாள். தாளின் மண்ணிறமே உடலின் நிறம், நிழலுக்கு அடுப்புக்கரி, வெயில் படும் முதுகிலும் விரல்மொழிகளிலும் மட்டும் வெண்கட்டி. கைகள் உடலுக்கு மிஞ்சிப் பெரிதாக இருந்தன. அளவு பிழையென்று திருத்தப் போனேன். “கைதானே சேர் முதல்ல தெரியும்,” என்றாள். திருத்தவில்லை.

கால்கள்தாம் இன்னும் நிலத்தில் ஊன்றவில்லை. அங்கே கரியைத் தேய்த்து மறைத்திருந்தாள். அதைச் சொன்னேன். மறுநாள் வயலுக்குப் போய்ப் பார்த்து வரைவதாகக் கூறித் தாளைச் சுருட்டிக்கொண்டு போனாள்.