சேலத்துக்காரரின் தாள்கள்

சேலம் சி. விஜயராகவாச்சாரியாரைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் 1882 கலவர வழக்கிலிருந்து நேரே 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவே சென்னை மாகாண சட்டசபை (1895–1901), இம்பீரியல் சட்டசபை (1913–1916) இரண்டும் ஒரே வரியில் முடிந்துபோகும்.

அவருடைய தாள்கள் டெல்லி தீன்மூர்த்தியில், முன்னாள் நேரு நினைவு நூலகத்தில் இருக்கின்றன. தேசியத் தலைவர்களின் தாள்களோடு சேர்ந்திருப்பது காங்கிரஸ் வரலாறு எழுத வசதிதான். ஆனா அங்கே போகிறவர் காந்தி, ராஜாஜி பெயர்களைத்தான் முதலில் தேடுவார். சேலத்திலிருந்து வந்த கடிதத்தைத் தேட மாட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தனிமனிதர் தாள்கள் என்றால் பெரும்பாலும் அவருக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதியவை பெற்றவர்களிடம் போய்விட்டன. நகல் வைத்திருந்தால்தான் உண்டு. அடுத்தவர் போன் பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்கிற மாதிரி. அவர் குரலைக் கேட்கணும்னா எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய் சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டணும். உறுப்பினர்கள் சர்க்காரைக் கேள்வி கேட்கும் உரிமையே 1892 சட்டத்தால் வந்ததுதான். அதை முதலில் பயன்படுத்திய தலைமுறை இவர்.

ரீடும் மன்றோவும் ரயத்துவாரியைத் தொடங்கிய சீமை இது. இங்கிருந்து போன ஒருவர் நிலவரியைப் பற்றி என்ன கேட்டார் என்பது ஓமலூர் விவசாயி வீட்டு வரலாறும்தான். டெல்லித் தாளையும் எழும்பூர் குறிப்பையும் ஒருசேர வைத்துப் படிக்காதவரை அது எழுதப்படாது. நகல்களாவது கருப்பூரில், பெரியார் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்க வேண்டாமா?