ஒரு வாய், மூன்று குழல்

ஜாஸ் இசைஞர் ரோலண்ட் கிர்க்கை முதன்முதலாகப் படத்தில் பார்ப்பவருக்குச் சிரிப்பு வரலாம். கறுப்புக் கண்ணாடி, வாயில் ஒரே நேரத்தில் மூன்று சாக்ஸபோன், உடம்பெல்லாம் புல்லாங்குழலும் விசிலுமாகத் தொங்கும். சர்க்கஸ் வித்தை என்று ஒதுக்கிய விமர்சகர்களும் இருந்தார்கள். அவர்கள் பார்த்தார்கள்; கேட்கவில்லை.

1935-இல் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸில் பிறந்தவர். குழந்தையிலேயே பார்வை போயிற்று. மூன்று குழல்களைச் சேர்த்து ஊதுவதாகக் கனவு கண்டாராம். பிறகு யாரும் சீந்தாத இரண்டு பழைய சாக்ஸபோன்களைத் தேடிப் பிடித்தார். மான்செல்லோ, ஸ்ட்ரிச் என்று அவற்றுக்குப் பெயர். கைக்கு ஒன்றாக எட்டும்படி விசைகளை மாற்றியமைத்து, டெனார் சாக்ஸபோனோடு சேர்த்துக்கொண்டார். ஒரு குழல் சுதியாக நிற்க, மற்றவை அதன்மேல் நகரும். மூன்று பேர் ஊதினாலும் இந்த ஒட்டுறவு வராது. மூன்றுக்கும் மூச்சு ஒன்றல்லவா! அந்த மூச்சும் அறுவதில்லை. கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே தள்ளியபடியே மூக்கால் இழுத்துக்கொள்வார்.

சந்தேகம் உள்ளவர்கள் 1967-இல் பதிவான 'தி இன்ஃப்ளேட்டட் டியர்' (வீங்கிய கண்ணீர்) என்ற இசையைக் கேட்கட்டும். தவறான சிகிச்சையால் கண் போன கதைதான் அந்தத் தலைப்பு. முதலில் சின்னச் சின்ன மணியோசை. பிறகு மூன்று குழல்களும் சவ ஊர்வலம்போல மெல்ல அடியெடுத்து வைக்கும். சுரங்கள் ஒன்றோடொன்று லேசாக உரசும். அந்த உரசலில்தான் அழுகை இருக்கிறது. சுத்தமாக இழைத்திருந்தால் வெறும் அழகாகப் போயிருக்கும்.

புல்லாங்குழலில் வேறு ஆள். ஊதும்போதே தொண்டையாலும் முனகுவார். 1964-இல் புல்லாங்குழலுக்கென்றே ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதிலிருந்த குயில் பாட்டை ஜெத்ரோ டல் என்ற ராக் குழு 1968-இல் எடுத்து வாசித்தது. இசையமைப்பாளர் குயின்சி ஜோன்ஸின் 'சோல் போஸா நோவா'வில் துள்ளும் குழலும் இவருடையதே.

சொந்தக் குழுவுக்கு 'வைப்ரேஷன் சொசைட்டி' என்று பெயர். மேடைப்பேச்சு கொஞ்சம் நீளும், எனக்கு அதில் அலுப்பு உண்டு. ஆனால் அந்தப் பேச்சில் இருந்த கோபம் நியாயமானது. 1970-இல், கறுப்பின இசைஞர்களைத் தொலைக்காட்சி ஒதுக்குகிறது என்று ஆட்களைத் திரட்டி, படப்பிடிப்புக்குள் விசில் ஊதிக் கலவரம் செய்தவர்.

1975-இல் பக்கவாதம், வலப்பக்கம் செயலிழந்தது. ஒரு கையால் ஒரு குழலை ஆள்வது அவருக்குப் புதிதா என்ன? டெனாரையும் அப்படியே மாற்றிக்கொண்டு மேடையேறினார். அந்தக் கடைசிக்காலப் பதிவுகளில் வேகம் குறைவு. ஆனால் நாதம் அதே நாதம். 1977 டிசம்பரில், இந்தியானாவின் புளூமிங்டனில் ஒரு கச்சேரியை முடித்த பிறகுதான் இறந்தார்.