பச்சோந்திக்கு ராத்திரி எத்தனை டிகிரி?

பச்சோந்தி வளர்ப்புக் கையேடுகள் பலவற்றில் இரவு வெப்பத்துக்கு ஒரே எண்தான் இருக்கும். எந்த ஊர்ப் பச்சோந்திக்கு என்பது இருக்காது. என் முதல் குறை இதுதான். கென்ய மலைக்காட்டு ஜாக்சன் பச்சோந்தி 10 டிகிரி இரவையும் தாங்கும். மடகாஸ்கர் கடலோரத்துப் பாந்தருக்கு அவ்வளவு குளிர் ஆகாது.

இரண்டாவது, இவை குளிர்நாட்டு வீடுகளை நினைத்து எழுதப்பட்டவை. அங்கே கவலை குளிர். சேலம், நாமக்கல் பக்கம் கவலையே வேற. மே மாசம் வெளியே 25, 26-க்கு இறங்கினாலும் கான்கிரீட் வீட்டுக்குள்ள ராத்திரி 30-க்கு மேலேயே நிக்கும். பகல் சூட்டிலிருந்து உடம்பு ஆறுவதற்கு இறக்கம் வேணும். கையேட்டை நம்பி அங்கே ஹீட்டர் பல்பு வேற போடுவாங்க! தூங்க இருட்டும் வேணும். சிவப்பு பல்பு இருட்டு இல்லை.

நம்ம வேலியோரத்து இனமான கமேலியோ சைலானிகஸ், ஜனவரியில் 20-க்குக் கீழே போகும் இரவையும் மே மாத இரவையும் எந்தப் பல்பும் இல்லாமல் கடக்கிறது. அதைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கையேடுகளில் இது வருவதே இல்லை.

பார்க்கணும்னா ராத்திரி டார்ச் அடிங்க. கிளை நுனியில் வெளிறிப்போய், வாலைச் சுருட்டித் தூங்கும். உடனே அணைச்சிடுங்க.