ஸ்காலர்ஷிப் இல்லாத கூடைப்பந்து: இரண்டு புத்தகங்கள், இரண்டு கதவுகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து என்றதும் கென்டக்கி, வட கரோலினா மாதிரியான பெரிய பல்கலைக்கழகங்கள்தான் நினைவுக்கு வரும். இருபதாயிரம் பேர் உட்காரும் அரங்கம், முழு ஸ்காலர்ஷிப், டிவி வெளிச்சம். இதற்கெல்லாம் வெளியே, என்சிஏஏ அமைப்பின் மூன்றாம் பிரிவில் 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் பேர் படிக்கும் சின்னக் கல்லூரிகள். விளையாட்டுத் திறமைக்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை தரக்கூடாது என்பது அங்கே விதி.

காசே தராத இடத்தில் பயிற்சியாளர் ஏன் ஊர் ஊராகப் போய்ப் பையன்களைத் தேடுகிறார்? பையன்தான் ஏன் அவர் பின்னால் ஓடுகிறான்? இந்தக் கேள்வியோடு இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்தேன். ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லை. இரண்டிலுமே இல்லாத ஒன்றும் இருக்கிறது.

முதலாவது, ஜேம்ஸ் ஷுல்மனும் வில்லியம் போவனும் எழுதி 2001இல் வந்த 'த கேம் ஆஃப் லைஃப்'. போவன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். இடம் கிடைப்பதே கஷ்டமான 30 கல்லூரிகள், 90,000 மாணவர்கள் என்று பெரிய தரவுத்தொகுப்பை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். விளையாட்டால் கல்விக்குச் சேதம் என்றால் அது பெரிய ஸ்காலர்ஷிப் பல்கலைக்கழகங்களில்தான் இருக்கும் என்று நாம் நினைப்போம். இவர்கள் அதைத் திருப்பிப் போடுகிறார்கள். மிச்சிகன் போன்ற பெரிய இடத்தில் விளையாட்டுக்காரர்கள் கூட்டத்தில் ஒரு துளி. வில்லியம்ஸ் போன்ற சின்னக் கல்லூரியிலோ வகுப்பில் கணிசமான பங்கே அவர்கள்தான். ஒவ்வொரு அணிக்கும் ஆள் வேண்டும், மொத்த இடமோ கொஞ்சம். புத்தகம் வெளிவருவதற்குச் சற்று முன், 2000 டிசம்பரில், ஸ்வார்த்மோர் கல்லூரி தன் அமெரிக்கக் கால்பந்து அணியையே கலைத்தது. ஆட்டக்காரர்களுக்கு இத்தனை இடத்தை ஒதுக்க முடியாது என்பதே முக்கியக் காரணம்.

அப்படியென்றால் இங்கே புழங்கும் நாணயம் பணமல்ல, அட்மிஷன். நம்மூர்ப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு என்று தனி வரிசையே இருக்கிறது. அங்கே அப்படி வெளிப்படையான வரிசை கிடையாது, பயிற்சியாளர் சேர்க்கை அலுவலகத்துக்குத் தரும் பட்டியல்தான். இந்த நாணயத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது 2019இல் வெடித்த அட்மிஷன் ஊழலில் அப்பட்டமாகத் தெரிந்தது. விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே தராத யேல் பல்கலைக்கழகத்தில், கால்பந்தே ஆடாத ஒரு பெண்ணை அணிக்குத் தேர்வானவராகக் காட்ட, பயிற்சியாளர் 4 லட்சம் டாலர் லஞ்சம் வாங்கியிருந்தார்.

ஆனால் போவனும் ஷுல்மனும் பார்த்தது கூட்டம் முட்டும் கதவுகளை மட்டும். மூன்றாம் பிரிவில் பெரும்பாலான கல்லூரிகளின் கவலையே வேறு: வகுப்பு நிரம்புமா? அந்தக் கதையைச் சொல்வது ஜெஃப்ரி டாக்கிங் எழுதி 2015இல் வந்த 'கிரைசிஸ் இன் ஹயர் எஜுகேஷன்'. மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் ஏட்ரியன் கல்லூரிக்கு 2005இல் தலைவராக வந்தவர் அவர். அப்போது அங்கே ஆயிரம் மாணவர்கள்கூட இல்லை. புதிய அணிகள், மைதானம், ஐஸ் ஹாக்கி அரங்கம் என்று செலவு செய்தார். ஒவ்வொரு பயிற்சியாளரும் இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைத்தார். சில வருடங்களில் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானது.

விதி ஒன்றுதான், பொருளாதாரம் நேர்எதிர். வில்லியம்ஸில் பயிற்சியாளரின் கையில் இருப்பது பலரும் ஏங்கும் இடம். ஏட்ரியன் மாதிரி இடத்தில் அவர் காலி நாற்காலிக்கு ஆள் பிடிக்கிறார். களத்தில் ஐந்து பேர்தான் ஆட முடியும் என்றாலும், பெஞ்சில் இருப்பவனும் கட்டணம் கட்டுகிறான் இல்லையா? ஜூனியர் அணி என்று ஒன்றைச் சேர்த்தால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். டாக்கிங் இதை ஒளிக்கவில்லை. அந்த நேர்மைதான் புத்தகத்தின் பலம். ஆனால் வெற்றிக் கணக்கோடு அவர் நிறுத்திவிடுகிறார். நான்கு வருடமும் பெஞ்சிலேயே உட்காரப் போகிறவனுக்கு என்ன கிடைத்தது என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

இரண்டு புத்தகங்களிலும் நான் தேடிக் கிடைக்காதவன் இந்தப் பையன்தான். ஒருவருக்கு அவன் வேறு யாருக்கோ போகவேண்டிய இடத்தை எடுத்துக்கொண்டவன். இன்னொருவருக்கு அவன் வருமானம்.

அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது? கடும்போட்டி உள்ள கல்லூரிகளில், பதினோராம் வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளர் மதிப்பெண்களை வாங்கிச் சேர்க்கை அலுவலகத்தில் காட்டுவார். பச்சைக்கொடி கிடைத்தால், 'எர்லி டிசிஷன்' முறையில் விண்ணப்பிக்கச் சொல்வார். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும் என்ற உறுதிமொழி அது. பையன் கட்டுப்படுகிறான், பயிற்சியாளர் சொன்ன வார்த்தைக்கோ எந்தக் கட்டும் கிடையாது. உதவித்தொகை போதவில்லை என்றால் விலகலாம், சரி. ஆனால் நான்கு கல்லூரிகள் தரும் தொகையை மேசையில் பரப்பி ஒப்பிடும் வாய்ப்பு போய்விடுகிறது. அந்த ஒப்பீடு யாருக்கு அதிகம் தேவை? காசில்லாத வீட்டுக்குத்தான்.

காலி நாற்காலிக் கல்லூரியில் பொறி வேறு மாதிரி. அங்கே 'மெரிட் ஸ்காலர்ஷிப்' என்று ஒரு கடிதம் வரும். பையன் ஆட்டத்துக்குக் கிடைத்த பரிசு என்று குடும்பம் பூரித்துப் போகும். பல சின்னத் தனியார் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் பெரும்பாலோருக்கும் அந்தத் தள்ளுபடி உண்டு. ஆடித் தள்ளுபடி மாதிரி, அறிவித்த விலையில் வாங்குகிறவர் குறைவு. பார்க்கவேண்டியது தள்ளுபடி எவ்வளவு என்பதை அல்ல, கடைசியில் கையிலிருந்து போவது எவ்வளவு என்பதை.

இத்தனைக்கும் பிறகு, இந்த விதியை எடுத்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். உதவித்தொகை ஆட்டத்தோடு ஒட்டாததால், முழங்கால் போனாலும், பயிற்சியாளரோடு ஒத்துவராவிட்டாலும், ஆய்வுக்கூடத்தில் நேரம் செலவிட ஆசைப்பட்டாலும், பையன் அணியை விட்டு விலகலாம். அவனுக்குக் கிடைக்கும் உதவித்தொகை அதனால் குறையாது. பெரிய பல்கலைக்கழக ஆட்டக்காரர்களில் பலருக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. கல்விக்காகக் கவலைப்பட்ட போவனும் ஷுல்மனும் இதற்கு இன்னும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கலாம்.

அதனால் அங்கே பிள்ளைகளை வளர்க்கும் நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான். பயிற்சியாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த வருடம் எத்தனை பேரைச் சேர்க்கிறீர்கள்? நான்கு வருடத்துக்கு முன் சேர்த்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அணியில் இருக்கிறார்கள்? எந்தக் கதவின் முன்னால் நிற்கிறீர்கள் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். மூன்றாவது கேள்வி பையனுக்கு: நாளைக்கே ஆட முடியாமல் போனாலும் இந்தக் கல்லூரியில் படிப்பாயா?