மேற்படி பெயர்கள் ஒரே நபரைக் குறிக்கும்

கான்சாகிபு பற்றி நாவல் எழுதிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் திருவண்ணாமலைக்கு வந்திருந்தார். கையில் ஒரு வம்சாவளி. "ஆள் யாருன்னு கடைசில கண்டுபிடிச்சுட்டேன்" என்றார். ஊர், சாதி, தகப்பன் பெயர் எல்லாம் அந்தத் தாளில் இருந்தன. தாளைவிட அவருடைய நிம்மதிதான் எனக்குக் கவலை தந்தது. நாவல் எழுதப் போகிறவனுக்கு இத்தனை நிம்மதி ஆகாது.

மருதநாயகம் என்கிற யூசுப் கான் 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். இதில் தகராறு இல்லை. மேஜர் கேம்பெல்லின் கம்பெனிப் படை வெளியே முற்றுகையிட்டு நிற்க, உள்ளே பிரெஞ்சுக்காரன் மார்ச்சந்தும் திவான் சீனிவாச ராவும் சேர்ந்து பிடித்துக் கொடுத்தார்கள். தகராறெல்லாம் பிறப்பில். ராமநாதபுரச் சீமையில் பனையூர், வெள்ளாளர் வீட்டுப் பிள்ளை என்பது ஒரு தரப்பு. கம்பெனியின் படைப் பதிவுகளில் அவர் நெல்லூர் சுபேதார். பனையூர் எங்கே, நெல்லூர் எங்கே. பாண்டிய வம்சத்து வாரிசு என்பது மூன்றாவது தரப்பு. ராபர்ட் ஓர்ம் எழுதிய பெரிய யுத்த சரித்திரத்தில் அவர் முகம்மது இசூப் மட்டும்தான். அங்கே மருதநாயகம் கிடையாது. இன்னொரு விஷயம்: ஓர்மின் கதை 1761-உடன் முடிந்துவிடுகிறது. முதல் பாகம் அச்சானபோது (1763) கான்சாகிபு மதுரையில் உயிரோடு இருந்து நவாபை எதிர்த்துக்கொண்டிருந்தார். ஓர்மை மட்டும் படிக்கிறவனுக்கு அவர் கம்பெனியின் விசுவாசமான தளபதி. தூக்குக் கயிறு அந்தப் புஸ்தகத்துக்குள் வரவே இல்லை.

வங்கியில் என் நாற்காலிக்குத் தினமும் வருகிற வழக்கு இது. இறந்தவர் கணக்கில் ஒரு பெயர், இறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர். மேற்படி பெயர்கள் ஒரே நபரைக் குறிக்கும் என்று வாரிசுகள் உறுதிமொழிப் பத்திரம் கொண்டுவருவார்கள். பத்திரம் இருந்தால் பணம் உண்டு. மருதநாயகத்துக்கும் யூசுப் கானுக்கும் அப்படியொரு பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் என்று எஸ்.சி. ஹில்லைச் சொல்லலாம். இந்திய அரசின் ஆவணங்களுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். 1914-இல் வந்த அவருடைய 'கலகக்கார கமாண்டன்ட்' கடுமையான உழைப்பு. நாமெல்லாரும் அதிலிருந்துதான் எடுத்து எழுதுகிறோம், பெரும்பாலும் அதைச் சொல்லாமல். ஆனால் பத்திரம் எதற்குக் கேட்கப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. பட்டுவாடாவுக்கு. இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று கவுண்டரில் யாரும் கேட்பதில்லை.

பாண்டிய வம்சத்துக்கு வருகிறேன். இதில்தான் நம்மவர்களுக்கு ருசி அதிகம். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவனவற்றில் ஒன்று, தூக்குக்கு ஒரு வாரம் கழித்துப் பாளையங்கோட்டைப் பாசறையிலிருந்து ஒருவர் ஸ்காட்லாந்து நண்பருக்கு எழுதிய கடிதம். எடின்பரோவின் ஸ்காட்ஸ் மேகசின் 1765-இல் அதை வெளியிட்டது. தூக்கிலிடப்பட்டவன் இந்த நாட்டின் பழைய குலத்து வித்து என்கிறது கடிதம். நண்பர் இதைப் பெரிய சாட்சியாக எடுத்து வைத்தார். நான் இதைக் கடிதமாகப் படிக்க வேண்டும் என்கிறேன். யார் எழுதுகிறான்? ஜெயித்த பாசறையில் இருப்பவன். யாருக்கு? கல்லோடன் களத்தில் தங்கள் பழைய அரச வம்சத்தின் கடைசி நம்பிக்கை அழிந்து 18 வருஷமே ஆன ஒரு நாட்டாருக்கு. சம்பளம் வாங்கிய சுபேதார் ஒருவனைக் கயிற்றில் தொங்கவிட்டோம் என்று எழுதினால் அது செய்தி அல்ல. புராதன ராஜ ரத்தம் என்று எழுதினால் எடின்பரோவில் நெஞ்சு ஒரு கணம் நிற்கும். ராஜ ரத்தம் பனையூரிலிருந்து வந்ததோ இல்லையோ, கடிதத்தின் தேவையிலிருந்து வந்திருக்கிறது.

தோற்றவனுக்கு ஜெயித்தவன் கிரீடம் வைப்பது புதிது அல்ல. அமெரிக்க வெள்ளைக் குடும்பங்கள் பலவற்றில் கொள்ளுப்பாட்டி ஒரு செரோக்கி இளவரசி. செரோக்கிகளிடம் இளவரசி என்று ஒரு ஸ்தானமே இருந்ததில்லை. 1838–39-இல் அந்த ஜனங்களை மேற்கே விரட்டி நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு, பாட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். நம் நிலைமை இதைவிட விசித்திரம். நாம் தோற்றவன் பக்கத்து ஆட்கள். ஆனாலும் ஜெயித்தவன் வைத்த கிரீடத்தைத்தான் ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். 1997 அக்டோபரில் மருதநாயகம் படத்தைத் தொடங்கிவைக்க எலிசபெத் மகாராணியே வந்தார். படம் முடியவில்லை. அந்தத் தொடக்க விழா ஒரு முழுமையான படைப்பு என்பது என் அபிப்பிராயம்.

கதைப்பாடல் வேறு தளம். நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1972-இல் வெளியிட்ட பாட்டின் பெயர் 'கான்சாகிபு சண்டை'. சரித்திரம் அல்ல, சண்டை. ஜனங்கள் வாயில் கமாண்டன்ட் பதவியே கும்மந்தான் என்று பெயராகிவிட்டது. தகப்பன் பெயர் இல்லாமலே ஒரு மனிதன் அங்கே முழுசாக நிற்கிறான். நம் சரித்திர நாவலாசிரியனால் அப்படி நிற்கவைக்க முடிவதில்லை. முதல் அத்தியாயத்திலேயே மச்சம், மோதிரம், வளர்த்த தாயின் ரகசியம் என்று தொடங்கிவிடுகிறான்.

நண்பர் மீது மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. எனக்கும் இதே வியாதி இருந்தது. எங்கள் வம்சத்தில் ஒருவர் கும்மந்தான் படையில் சுபேதார் என்பார் பெரியப்பா. மதுரை விழுந்தபின் கம்பெனிப் படையில் சேர்ந்து, 1767 செப்டம்பரில் கர்னல் ஸ்மித் இங்கே ஹைதரோடும் நிஜாமோடும் மோதியபோது வந்து, இங்கேயே தங்கிவிட்டாராம். கோயில் மதில் கோட்டையாக இருந்த காலம். இரண்டு வருஷம் தேடினேன். நம் ஊர் டிரினோமலி என்ற எழுத்துக்கூட்டலில் ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே சில மாதங்கள். கண்டுபிடித்த பிறகும் பயனில்லை. வெள்ளை அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, சிப்பாய்களுக்கு எண்ணிக்கை. இத்தனை பேர் செத்தார்கள், இத்தனை பேர் காயம். பெயர் கிடைக்க வேண்டுமானால் தூக்கிலிடத் தகுந்த அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும்.

பெரியப்பா இன்னொரு கதையும் சொன்னார். ஒரே ஒரு தடவை, கரண்ட் போன ஒரு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து. தொழுகையில் இருந்த கும்மந்தானை அவர் தலைப்பாகைத் துணியாலேயே கட்டினார்கள் என்பது வழக்கு. கட்டினவர்களில் நம்மவரும் ஒருத்தர் என்றார். முதல் கதையில் தேதி இருந்தது, பதவி இருந்தது. இதில் ஒன்றும் இல்லை, ஒரு துணியைத் தவிர. ஆனால் எவனும் தன் பாட்டனைத் துரோகியாகக் கற்பனை செய்து சொல்வதில்லை. அதனால் இதைத்தான் நான் நம்புகிறேன். நண்பரின் வம்சாவளியில் இப்படி ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் நோட்டுப் புஸ்தகத்தோடு போய், ராத்திரி சொன்னதை மறுபடி சொல்லுங்கள் என்றேன். பெரியப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "எழுதிக்கோ, நம்ம வம்சத்துல ஒருத்தர் சுபேதாரா இருந்தார்" என்று ஆரம்பித்தார்.