எழுதப்படாத ஒரு போர்க்கால நினைவுக்குறிப்பு

ஏற்காட்டுக் கிளைக்கு மாற்றலாகி வந்த முதல் மழைக்காலத்தில் நான் படித்தது வின்ஸ்டன் சர்ச்சிலின் 'இரண்டாம் உலகப் போர்'. ஆறு தொகுதிகள்; 1948 முதல் 1953 வரை வெளியானவை. ஒரு காப்பித் தோட்டக் கடன் விஷயமாக மானேஜருடன் பார்வையிடப் போன பங்களாவில், தோட்டத்தை விற்றுவிட்டுப் போன வெள்ளைக்காரர் எடுத்துச் செல்லாத அலமாரி ஒன்றில் அவை இருந்தன. இப்போதைய சொந்தக்காரர் தாராள மனசுக்காரர். ஒவ்வொன்றாக எடுத்துப் போங்கள் என்றார். சேர்வராயன் மலையில் அந்த மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கே மேகம் இறங்கி ஜன்னலை அடைத்துவிடும். படிப்பதைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது.

அந்த மனிதருக்கு 1953இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கொடுத்ததைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது ஒன்று வியக்கிறார்கள், இல்லையென்றால் சிரிக்கிறார்கள். இரண்டு தரப்பிலும் புத்தகத்தைப் படித்தவர் அபூர்வம். படித்தால், பரிசு அப்படியொன்றும் அபத்தமில்லை என்று தெரியும். வாக்கியத்தில் ஒரு நடை இருக்கிறது. தயங்காத, தன் குரலைத் தானே கேட்டு ரசிக்கிற நடை. ஓய்வுபெற்ற தளபதிகளும் சரித்திரக்காரர்களும் சேர்ந்து அவருக்குப் பல பகுதிகளை எழுதித் தந்ததை டேவிட் ரெனால்ட்ஸ் 2004இல் ஒரு பெரிய புத்தகமாகவே நிரூபித்துவிட்டார். அது எனக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. என் ஆட்சேபணை வேறு. சர்ச்சில் தான் அனுப்பிய குறிப்புகளையும் தந்திகளையும் பக்கம் பக்கமாக அச்சிடுகிறார். அவற்றுக்கு வந்த பதில்கள் அநேகமாக இல்லை. வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு கோணல் புத்தி உண்டு. ஒரு பத்தியைப் பார்த்தால் எதிர்ப்பத்தியைத் தேடுவான். பற்று இல்லாமல் வரவு மட்டுமே எழுதின பேரேடு இது. கூட்டிப் பார்த்தால் லாபம்தான் வரும்.

நான்காம் தொகுதியில் இந்தியாவுக்கும் கிரிப்ஸ் தூதுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 1943இல் வங்காளத்தில் பஞ்சத்தில் செத்தவர்கள் இருபது லட்சத்துக்குக் குறையாது, முப்பது லட்சம் என்பாரும் உண்டு. அவர்களுக்கு ஆறு தொகுதிகளிலும் ஓர் அத்தியாயம் கிடையாது. அந்த எதிர்ப்பத்தி கிடைப்பது வேவலின் நாட்குறிப்பில். 1943 அக்டோபரில் வைஸ்ராயாக வந்த அந்தப் படைத்தளபதி, தானியக் கப்பல் கேட்டு லண்டனோடு மல்லுக்கு நின்ற கதை, அவர் செத்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து 1973இல்தான் புத்தகமாயிற்று. வேவலின் நடை வறண்டது. சர்ச்சில் பக்கத்தில் வைத்தால் குமாஸ்தா நடை. ஆனால் முடிவு தெரியாமல் எழுதுகிறவனுக்கு வாய்க்கும் ஒரு நேர்மை அதில் இருக்கிறது. நினைவுக்குறிப்பு எழுதுகிறவன் முடிவு தெரிந்தபின் உட்காருகிறான். யார் ஜெயித்தது என்பது அவன் பேனாவுக்குத் தெரியும்.

இந்த மலையில் போர் எப்படி வந்தது என்று கேட்டால், குண்டாக வரவில்லை, சட்டமாக வந்தது என்று சொல்ல வேண்டும். ஐரோப்பியச் சந்தை மூடிக்கொண்டதால் விலை விழுந்து, 1940இல் அவசரச் சட்டம், 1942இல் காப்பிச் சட்டம். தோட்டக்காரன் தன் காப்பியைத் தானே விற்க முடியாது. காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், வாரியம் தவணை தவணையாகப் பணம் தரும். போர் 1945இல் முடிந்தது. தொகுப்பு முறை முற்றாகப் போக 1996 ஆயிற்று. ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒரு மலையின் பிழைப்பை நிர்ணயித்த முடிவு; எந்தத் தலைவருடைய நினைவுக்குறிப்பில் அதற்கு ஒரு வரி இருக்கிறது? கேட்பது அசட்டுத்தனமாக இருக்கலாம். ஆனால் தலைமை என்பது பெரும்பாலும் இப்படித்தான் கீழே இறங்குகிறது, கையெழுத்துப் போட்டவர் மறந்துபோன பிறகு.

நம் தலைவர்கள் விஷயம் வேறு மாதிரி. போர் நடந்த காலத்தில் அவர்கள் கையில் அதிகாரம் இல்லை. பலர் சிறையில் இருந்தார்கள். ஆகவே அவர்களுடைய போர்க்கால நூல்கள் போரைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கின்றன. அகமத்நகர் கோட்டையில் நேரு ஐயாயிரம் வருஷத்து இந்தியாவைத் தேடிப் போனார். அதே கோட்டையில் ஆசாத் உருதுவில் கடிதங்கள் எழுதினார். தேநீரைப் பற்றி அவர் எழுதினதுபோல் ரசித்து எழுதியவர் குறைவு. பின்னால் ஆசாத் சொல்லச்சொல்ல ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதின சுயசரிதை 1959இல் வந்தபோது முப்பது பக்கங்களை முத்திரை வைத்து மூடினார்கள். 1988இல் திறந்தார்கள். இடி விழும் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். மூடி வைத்த பக்கத்தின் மேல் நமக்கிருக்கும் மோகம் திறந்த பக்கத்தின் மேல் கிடையாது. திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' போரின் நடுவே 1944இல் வந்தது. மகத்தான தமிழ், ஆனால் அதன் இதயம் முந்தைய யுத்தகாலத்துத் தொழிற்சங்கத்தில் இருக்கிறது. ம.பொ.சி.யின் 'எனது போராட்டம்' தன் பெயருக்கு உண்மையாக 'எனது'வில் கொஞ்சம் அதிகமாகவே நிற்கிறது.

இந்த வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அது மலையடிவாரத்துச் சேலத்து வக்கீல் ராஜாஜியின் இடம்.

போரையும் தலைமையையும் பற்றி எழுத அவரளவு விஷயம் இருந்தவர் தமிழ்நாட்டில் எவரும் இல்லை. 1937 முதல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி. எங்களைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் இழுத்தாயே என்று 1939 அக்டோபரில் ராஜிநாமா. 1940இல், தேசிய அரசாங்கம் கொடுத்தால் போருக்கு ஒத்துழைப்போம் என்ற பூனாத் தீர்மானத்துக்கு அவரே சூத்திரதாரி. காந்தியின் மனசுக்கு விரோதமாக. அதே ஆண்டு டிசம்பரில் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்து, சென்னைப் பட்டணம் காலியாகி, மிருகக்காட்சிச் சாலையின் சிங்கங்களைச் சுட்டுக் கொன்ற அந்த மாதத்தில், சென்னைச் சட்டசபைக் காங்கிரஸைக் கூட்டி, லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஒப்புக்கொண்டு மந்திரிசபை அமைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார். அலகாபாத்தில் அது 120க்கு 15 என்று தோற்றது. காரியக் கமிட்டியை விட்டார், ஜூலையில் காங்கிரஸையே விட்டார். பம்பாய் மாட்டுங்காவில் மேடையில் அவர்மேல் தார் வீசினார்கள். ஆகஸ்டில் எல்லோரும் சிறைக்குப் போனபோது அவர் வெளியே இருந்தார். 1944 ஜூலையில் வெளியான ராஜாஜி திட்டத்தை வைத்துக்கொண்டுதான் செப்டம்பரில் காந்தி ஜின்னா வீட்டுப் படியேறினார்.

மூன்றாண்டுகளில் இத்தனை திருப்பம். ஒவ்வொன்றும் விளக்கம் கேட்கிறது. அவர் சுயசரிதை எழுதவில்லை. ஆங்கிலத்தில் வாதப் பிரசுரங்கள் எழுதினார். வக்கீல் நோட்டீஸ் போல் கச்சிதமானவை, எழுதினவனுடைய முகம் தெரியாதவை. தமிழில் அவர் எழுதினது 'வியாசர் விருந்து'. 'கல்கி'யில் தொடராக வந்து 1946இல் புத்தகமானது. போரின் சூடு ஆறாத காலத்தில், ஒரு போரின் கதை.

எந்தப் பாத்திரம் எந்தத் தலைவர் என்று பொருத்திப் பார்க்கும் விளையாட்டு எனக்கு உவப்பில்லை. விதுரர்தான் ராஜாஜி என்று யாராவது எழுதியிருந்தால் அவருக்கு ஹைஸ்கூல் மாணவருக்குரிய மார்க் போடலாம். அந்த நூலைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயமும் இல்லை. சின்னச் சின்ன அத்தியாயம், தெளிந்த வாக்கியம், கதை சூடேறும்போது தாத்தா கையைப் பிடித்து நிறுத்தி ஒரு நீதி. வியாசனின் இருட்டு அதில் இல்லை. லட்சம் பேர் படித்தார்கள் என்பது இலக்கியத் தீர்ப்பாகாது.

ஆனால் ஓர் இடம் இருக்கிறது. 1951இல் பாரதிய வித்யா பவன் வெளியிட்ட ஆங்கில வடிவை வைத்துச் சொல்கிறேன், பி.ஏ. ஆங்கிலம் படித்தவனின் கெட்ட பழக்கம். பலராமர் இரண்டு பக்கமும் சேராமல் தீர்த்த யாத்திரை போய்விடுகிறார். கதை அங்கே நிற்கிறது. ராஜாஜி குறுக்கே வந்து பேசுகிறார்: ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நியாயங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்வது யோக்கியர்களுக்குத்தான் நேர்கிறது, அயோக்கியர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் தம் ஆசை இழுத்த பக்கம் போய்விடுகிறார்கள் என்று. பீஷ்மர், விதுரர், கர்ணன் ஆகியோரையும் சாட்சிக்கு அழைக்கிறார். கருத்து இதுதான், வார்த்தைகள் என்னுடையவை.

பலராமரைப் பற்றி இத்தனை சொல்லத் தேவையில்லை. இந்தப் பத்திதான் ராஜாஜியின் போர்க்கால நினைவுக்குறிப்பு என்று எனக்குப் படுகிறது. 1942 என்ற எண் இல்லை, அலகாபாத் இல்லை, தார் இல்லை. ஆனால் நானூற்றுச் சொச்சம் பக்கங்களில் கதைசொல்லியின் குரல் நடுங்குகிற ஒரே இடம் அது. சர்ச்சில் ஆறு தொகுதிகளில் தன்னை வைத்துக் கட்டினதை இவர் ஒரு பத்தியில் மறைத்து வைத்துவிட்டுப் போகிறார். அந்த அடக்கத்தை மதிக்கிறேன். அடக்கத்துக்குள் ஒரு சாமர்த்தியமும் இருக்கிறது. பலராமர் நதிக்கரைக்குப் போனார். ராஜாஜி போகவில்லை. மேடை மேடையாகப் போய் வாதாடினார், பேரம் பேசினார், ஒரு தேசத்தை இரண்டாக்கும் திட்டத்தை வகுத்தார். ஒதுங்கினவனின் துக்கத்தை, ஈடுபட்டவன் இரவல் வாங்கிக்கொள்கிறான்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. என் தாத்தா 1942இல் தந்திக் கம்பி அறுத்து ஒன்பது மாதம் சிறையில் இருந்தார். வயது இருபத்திரண்டு. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அவரிடம் கேட்டிருக்கிறேன், பயமாக இல்லையா, யோசித்தீர்களா என்று. "யோசிக்க என்னடா இருக்கு? பெரியவங்க சொன்னாங்க, போனோம்" என்றார். அவருக்கு இரண்டு நியாயங்கள் தெரியவில்லை. ஒன்றுதான் தெரிந்தது. ராஜாஜியின் பத்தியில் அவருக்கு எந்த இடம்? தர்மசங்கடம் யோக்கியனுடைய அடையாளம் என்றால், சங்கடமே இல்லாமல் போய்க் கம்பியை அறுத்தவன் யார்? அந்த வாக்கியம் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளும் அவசரத்தில், சிறைக்குப் போன ஆயிரக்கணக்கான பையன்களை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கவனிக்கவில்லை. தலைவர்கள் எழுதுகிற போர்ச் சரித்திரங்களில் எல்லாம் இந்தக் குறை இருக்கிறது. எனக்குச் சிக்கல் இருந்தது, மற்றவர்களுக்கு உணர்ச்சி மட்டும் இருந்தது என்கிற தொனி. சர்ச்சில் அதை உரக்கச் சொல்கிறார். ராஜாஜி மெல்லச் சொல்கிறார்.

பிரிவினையைப் பற்றி அவர் 1942இல் முன்கூட்டிக் கண்டது சரியாகிவிட்டது, ஆகவே அவர்தான் தீர்க்கதரிசி என்று சிலர் எழுதுகிறார்கள். இருக்கலாம். தாத்தா தப்பு என்று அதனால் ஆகிவிடுமா? இரண்டு பேரும் சரியாக இருந்திருக்கலாம் என்பதை ஏற்கிற வாக்கியம் ஒன்றைத்தான் அந்த நூலில் தேடினேன். வியாசனிடம் அது உண்டு. அபிமன்யுவுக்குத் தர்மசங்கடம் எதுவும் இல்லை. உள்ளே போகத் தெரியும், போனான். வியாசன் அவனை அதற்காக ஒரு மாற்றுக் குறைவாக எழுதவில்லை.

எங்கள் வீட்டில் 'வியாசர் விருந்து' இருந்தது. பாட்டி மத்தியானத்தில் வாய்விட்டுப் படிப்பாள். தாத்தா அந்த நேரம் திண்ணைக்குப் போய்விடுவார். திண்ணையில் உட்கார்ந்தால் உள்ளே படிப்பது நன்றாகக் கேட்கும். பலராமர் அத்தியாயம் வந்தபோது எழுந்து தெருவுக்குப் போனாரா, இருந்து கேட்டாரா என்று நான் பார்த்ததில்லை.

ஆங்கில வடிவம் அச்சான 1951ஆம் ஆண்டின் பெரும்பகுதி ராஜாஜி தில்லியில் உள்துறை மந்திரியாக இருந்தார்.